தராசுக்கு முத்திரை உண்டு, சர்வருக்கு?

ஆண்டு முடிவில் சரக்கு இருப்பு எடுக்கிறோம். தராசுக்கு முத்திரை வைக்கிறோம். வரிக் கணக்குக்கு ஆடிட்டரிடம் போகிறோம். ஆனால் பற்று வரவு முழுவதையும் வைத்துக்கொண்டு கடை மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை மட்டும் யாரும் தணிக்கை செய்வதில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதோடு சரி. நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் மண்டியைத் திறந்தால் பில் போட முடியவில்லை. கணக்குகள் எல்லாம் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு நின்றது. நகல் எடுத்து வைத்த டிஸ்க்கும் எந்நேரமும் சர்வரிலேயே சொருகிக் கிடந்ததால் அதுவும் போயிற்று. வரவேண்டிய பாக்கியை, பழைய சிட்டைகளையும் வாடிக்கையாளர்களின் வாய்ச்சொல்லையும் வைத்துத் திரும்ப எழுதினோம். பெரும்பாலோர் நேர்மையாகச் சொன்னார்கள். மற்றவர்களைப் பற்றி இங்கே வேண்டாம்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பில்லிங் மென்பொருள் விற்றவர், தம் ஊரிலிருந்தே பழுது பார்க்க வசதியாக 'ரிமோட் டெஸ்க்டாப்' வழியை இணையத்தை நோக்கித் திறந்து வைத்திருந்தார். பாஸ்வேர்டும் யாரும் ஊகிக்கக் கூடியது. அந்த வழிக்கு எண் 3389. இப்படி எந்தெந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்லவே தணிக்கை மென்பொருள்கள் இருக்கின்றன. 1998இல் வந்த நெசஸ் அவற்றில் பெயர் பெற்றது. 2005இல் அதன் மூல நிரலைத் திறந்து கொடுப்பது நின்றபோது, அதிலிருந்து பிரிந்து வளர்ந்ததுதான் ஓப்பன்வாஸ். இதற்கு விலை கிடையாது.

எங்கள் தம்பி மகன் இதை லினக்ஸ் போட்ட தனிக் கம்ப்யூட்டர் ஒன்றில் நிறுவினான். பில் போடும் சர்வரிலேயே வைக்கக் கூடாது. தணிக்கைக்காரருக்குத் தனி நாற்காலி வேண்டும். முதல் முறை குறைகளின் பட்டியலை இறக்கிக்கொள்ளவே பல மணி நேரம் ஆகும். நிறுவும்போது வரும் பாஸ்வேர்டை அன்றே மாற்ற வேண்டும்.

நாங்கள் செய்த தவறு, முதல் சோதனையைக் காலை பத்து மணிக்கு ஓட்டியது. லாரியில் மூட்டை இறங்கும் நேரம். பில் பிரிண்டர் யாரும் கேட்காமலே தாள் தாளாகத் தள்ளியது. சர்வர் ஆமையாய் நகர்ந்தது. இப்போது மாதம் ஒருமுறை, கடை அடைத்த பிறகுதான். சர்வரின் பாஸ்வேர்டு கொடுக்காமல் ஓட்டினால் வெளியே நின்று பூட்டை ஆட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடும். கொடுத்தால் உள்ளே போய்ப் பழைய மென்பொருள்களையும் எடுத்துக் காட்டும்.

அறிக்கை நீளமாக வரும். பயப்பட வேண்டாம். ஒவ்வொரு குறைக்கும் 10க்கு இத்தனை என்று மதிப்பெண் இருக்கும். 7க்கு மேற்பட்டவற்றை முதலில் சரிசெய்து, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அறிக்கையைப் பெட்டியில் பூட்டி வையுங்கள். திருடன் கையில் கிடைத்தால் அதுவே அவனுக்கு வழிகாட்டி.

'நம் சிறிய கடைக்கு யார் வரப்போகிறார்கள்' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கடை பார்த்து வருவதில்லை. இயந்திரம்தான் வரிசையாகக் கதவு தட்டுகிறது. 2017 மே மாதம் வான்னகிரை பரவி, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களை முடக்கியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14ஆம் தேதியே கொடுத்திருந்தது. இரண்டு மாதம் போடாமல் இருந்தவர்கள்தான் அகப்பட்டார்கள்.

மென்பொருள் விற்றவரிடமே தணிக்கையையும் விடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. தாம் திறந்து வைத்த கதவைத் தாமே குறையாக எழுதுவாரா? தம்பி மகன் எல்லா வீட்டிலும் இருக்க மாட்டான். ஆகவே சங்கமே ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, பயிற்சி பெற்ற ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, உறுப்பினர் கடைகளுக்கு முறை வைத்து அனுப்ப வேண்டும். கடைக்காரரின் எழுத்து அனுமதி இல்லாமல் எந்தச் சர்வரையும் தொடக் கூடாது என்பதையும் விதியாக்க வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறோம். முதல் ஆண்டுச் சந்தாவையும் நாங்களே முதலில் கட்டுகிறோம்.