புத்தகக் கடையும் மின்னூலும்: காஞ்சிபுரத்திலிருந்து ஒரு நிலைப்பாடு

நிலைப்பாடு

மின்னூல் பரவிவிட்ட காலத்திலும் ஊருக்கு ஊர் புத்தகக் கடை நிலைக்க வேண்டும். மின்னூலைத் தடுத்து அதைச் சாதிக்க முடியாது. அச்சு நூல் விற்பனையில் நியாயமான போட்டி இருந்தால் கடை நிலைக்கும். இதுவே எங்கள் நிலைப்பாடு.

மின்னூலின் பங்கு

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழின் பழைய நூல்களை இலவசமாக இணையத்தில் ஏற்றியது. 2016 டிசம்பரில் அமேசான் கிண்டிலில் தமிழ் நூல்கள் விற்பனைக்கு வந்தன. அச்சில் இல்லாத நூலைத் தேடுபவருக்கும், அயல்நாட்டுத் தமிழருக்கும், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டிய முதியவருக்கும் மின்னூல் பெருந்துணை.

கடையின் பங்கு

காஞ்சிபுரத்துக்கும் நூலுக்கும் உள்ள உறவு பழையது. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியது குமரக்கோட்டத்தில் என்பது மரபு. 20ஆம் நூற்றாண்டில் பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியார் இவ்வூரிலிருந்தே வைணவ நூல்களைப் பதிப்பித்தார். இன்று தலபுராணம் வாங்க வரும் பக்தரும், கோனார் உரை வாங்க வரும் மாணவியும் பக்கத்து அடுக்கில் இருக்கும் நாவலைத் தற்செயலாகப் புரட்டிப் பார்ப்பது கடையில்தான். அப்படிப் புரட்டும் கைகளிலிருந்தே புதிய வாசகர்கள் உருவாகிறார்கள். மாவட்டப் புத்தகத் திருவிழா இந்த வாய்ப்பை ஆண்டில் சில நாள்கள் தருகிறது. கடையோ ஆண்டு முழுவதும் தருகிறது.

நெருக்கடியின் காரணம்

பதிப்பாளர் தரும் கழிவிலிருந்தே கடைக்காரர் வாடகை, ஆள்கூலி, மின்கட்டணம் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். அதே அச்சு நூலை இணைய வணிகத் தளங்கள் பெருந்தள்ளுபடியில் விற்கும்போது அவருக்கு மிஞ்சுவது ஏதுமில்லை. பொது நூலகங்களுக்கான கொள்முதலும் பதிப்பகங்களிடமிருந்தே நடப்பதால் உள்ளூர்க் கடைக்கு அந்த விற்பனையும் இல்லை.

தறி தரும் பாடம்

விசைத்தறி பெருகியபோது காஞ்சிபுரத்தின் கைத்தறி சந்தையின் போக்குக்கு விடப்படவில்லை. கூட்டுறவுச் சங்கங்களும் அரசின் தள்ளுபடி மானியமும், 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும், பிறகு பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் அதற்குத் துணை நின்றன. நெசவாளரின் துயரம் இவற்றால் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் தறி ஓய்ந்துவிடவும் இல்லை. புத்தகக் கடைக்கு இத்தகைய துணை எதுவும் கிடையாது. ஆனால் பிரான்சில் 1981ஆம் ஆண்டின் சட்டம் புதிய நூல்களுக்கான தள்ளுபடியை 5 விழுக்காட்டோடு நிறுத்தியது. சிறு கடைகள் அங்கே தாக்குப்பிடிக்க அது பெரிதும் உதவியது.

கோரிக்கைகள்

1. புதிய அச்சு நூல்களுக்கான தள்ளுபடிக்குச் சட்டப்படி உச்ச வரம்பு வேண்டும்.
2. சொத்து வரியோடு மக்கள் செலுத்தும் நூலக வரியில் ஒரு பங்கு, கிளை நூலகங்கள் உள்ளூர்க் கடைகளில் நூல் வாங்குவதற்கு ஒதுக்கப்பட வேண்டும்.
3. மாவட்டப் புத்தகத் திருவிழாவில் உள்ளூர்க் கடைகளுக்குக் குறைந்த வாடகையில் அரங்கு தர வேண்டும்.
4. அச்சு நூலுக்கு இருக்கும் சரக்கு, சேவை வரி விலக்கு மின்னூலுக்கும் கிடைக்க வேண்டும். படிப்பவருக்கு இரண்டும் நூலே.