எரர் நம்பரை மறைக்காதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு கேள்வி. ப்ரவுசரில் ஒரு தளத்தின் பெயரை டைப் செய்து என்டர் தட்டுகிறீர்கள். தளம் வரவில்லை. அதற்குப் பதிலாகத் திரையில் ஏதோ ஒரு செய்தி வருகிறது. அந்தச் செய்தியின் கடைசி வரியை எப்போதாவது முழுவதுமாகப் படித்ததுண்டா?

பெரும்பாலானோர் படிப்பதில்லை. "நெட் போச்சு" என்று சொல்லிவிட்டு சர்வீஸ் கடைக்குப் போன் செய்கிறார்கள். அந்த ஒரு வரியைப் படித்தாலே பாதி நேரம் கடைக்குப் போக வேண்டியிருக்காது. அதைப் படிக்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். படித்தால் புரியும்படி எழுதும் பழக்கம் சாப்ட்வேர் நிறுவனங்களுக்கு வர வேண்டும் என்பதே என் கருத்து.

நான் ஆரணியில் கம்ப்யூட்டர் பயிற்சி மையம் நடத்துகிறேன். பட்டுத் தறிகளின் ஊர் இது. இங்கே எந்த நெசவாளரும் "தறி ஓடவில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள மாட்டார். பாவு நூல் அறுந்ததா, நாடாவில் ஊடை தீர்ந்ததா, ஜக்கார்டு அட்டை மாறிவிட்டதா என்று பார்த்துத்தான் பேசுவார். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. இன்டர்நெட்டும் அப்படித்தான். ஆனால் அங்கே என்ன அறுந்தது என்று சொல்லும் வரியை நாம் பார்ப்பதே இல்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போட்டுக் கொடுப்பவர். ஒருநாள் எந்தத் தளமும் திறக்கவில்லை என்று கம்ப்யூட்டரை ஒரு கடைக்கு எடுத்துப் போனார். அங்கே விண்டோஸை ஃபார்மட் செய்து, புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். நெட் வந்துவிட்டது. ஆனால் ஏழு மாத பார்டர் டிசைன்கள் போய்விட்டன. அன்று மாலை அவரது தெருவில் மற்ற வீடுகளிலும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கோளாறு அவர் கம்ப்யூட்டரில் இல்லவே இல்லை.

பெயரும் நம்பரும்

நீங்கள் டைப் செய்யும் பெயர் கம்ப்யூட்டருக்குப் புரியாது. அதற்கு நம்பர்தான் தேவை. பெயரைக் கொடுத்தால் நம்பரைத் தேடித் தரும் அமைப்புக்கு டிஎன்எஸ் என்று பெயர். ஆரம்ப காலத்தில் நெட்வொர்க்கில் இணைந்திருந்த எல்லா கம்ப்யூட்டர்களின் பெயரும் நம்பரும் ஒரே ஒரு பைலில் இருந்தன. அமெரிக்காவில் எஸ்ஆர்ஐ என்ற ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பராமரித்தது. கம்ப்யூட்டர்கள் பெருகியதும் அது சமாளிக்க முடியாமல் போனது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். இந்தத் தேடல் தோற்றுப்போனால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு யூனிக்ஸில் 1 முதல் 4 வரை நான்கு எண்கள் வகுக்கப்பட்டன. 1993-ல் வெளியான வின்சாக் 1.1 விதிமுறையில் விண்டோஸ் அவற்றையே 11001, 11002, 11003, 11004 என்று எடுத்துக்கொண்டது.

தபால்காரர் திருப்பிக் கொண்டுவரும் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏன் திரும்பியது என்று உறையின் மேல் எழுதியிருப்பார். இந்த நான்கு எண்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

11001, ஹோஸ்ட் நாட் பவுண்ட்: அந்தப் பெயரில் யாரும் இல்லை. பெரும்பாலும் எழுத்துப் பிழை. அல்லது அந்தத் தளத்தின் பெயர்ப் பதிவு காலாவதியாகியிருக்கும்.

11002, ட்ரை அகெய்ன்: கதவு பூட்டியிருந்தது, பிறகு வரவும். விவரம் தெரிந்த சர்வரிடமிருந்து பதில் வரவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி முயற்சிக்கலாம்.

11003, நோ ரெகவரி: கடிதத்தையே வாங்க மறுத்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப முயற்சித்துப் பயனில்லை. செட்டிங்கிலோ சர்வரிலோ கோளாறு இருக்கிறது.

11004, நோ டேட்டா: அப்படி ஒரு பெயர் உண்டு, ஆனால் நாம் கேட்ட விவரம் அதில் இல்லை. ஒரு பெயரை இமெயிலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வெப்சைட் வைக்காதவர்கள் உண்டல்லவா? அதுபோல.

நான்கில் ஒன்றுக்குக்கூட முதல் வைத்தியம் ஃபார்மட் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

விண்டோஸ் செய்யும் குழப்பம்

எண்கள் இவ்வளவு தெளிவாக இருந்தும் நமக்கு ஏன் புரிவதில்லை? குற்றம் முழுவதும் நம்முடையது அல்ல. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரை நினைவிருக்கிறதா? "சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை அல்லது டிஎன்எஸ் எரர்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். நடுவிலிருக்கும் அந்த "அல்லது" என்ற சொல்லில் எல்லா விவரமும் காணாமல் போய்விட்டது. அந்த ப்ரவுசர் 2022-ல் ஓய்வு பெற்றுவிட்டது. பழக்கம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பிங் கட்டளையுடன் ஏதாவது ஒரு பிரபலமான தளத்தின் பெயரைக் கொடுக்கவும். அந்த ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை, பெயரைச் சரிபார்க்கவும் என்று விண்டோஸ் சொல்லும். பெயர் சரியாகத்தான் இருக்கிறது, கேபிள்தான் கழன்றிருக்கிறது! பல புரோகிராம்கள் இதே நிலையில் 11001 என்ற எண்ணைத் தருகின்றன. லினக்ஸில் இதைச் செய்தால், பெயர் தேடலில் தற்காலிகக் கோளாறு என்ற செய்தி வரும். எது நேர்மையான பதில் என்று நீங்களே சொல்லுங்கள். தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல.

இந்த விஷயத்தில் குரோம் ப்ரவுசரைப் பாராட்டலாம். தேடல் தோற்றால் அது தானாகவே ஒரு சோதனைக் கேள்வியை அனுப்பிப் பார்க்கிறது. பெயரே இல்லை என்று தெரிந்தால் கடைசி வரியில் என்எக்ஸ்டொமைன் என்று முடியும் குறியீட்டைக் காட்டுகிறது. இணைப்பே இல்லை என்றால் நோ இன்டர்நெட் என்று முடியும் குறியீடு வருகிறது. ஆனால் மொழியைத் தமிழுக்கு மாற்றினாலும் அந்தக் குறியீடு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, அதுவும் சிறிய எழுத்தில்.

பதிலை மாற்றினால் என்ன ஆகும்?

"இல்லை" என்ற பதில் எவ்வளவு முக்கியம் என்பதை 2003-ல் உலகம் பார்த்தது. டாட் காம், டாட் நெட் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம் அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று ஒரு மாற்றம் செய்தது. யாரும் பதிவு செய்யாத பெயரைக் கேட்டால் "இல்லை" என்று சொல்லாமல், தன் சைட் ஃபைண்டர் என்ற தேடல் பக்கத்தின் நம்பரைக் கொடுக்க ஆரம்பித்தது. தவறாக டைப் செய்தவர்கள் எல்லோரும் அங்கே போய் விழுந்தார்கள். அதோடு போகவில்லை. அனுப்பியவரின் டொமைன் உண்மையில் உண்டா என்று பார்த்துக் குப்பை மெயில்களைத் தடுத்துவந்த சாப்ட்வேர்கள் ஏமாந்தன. எந்தப் பெயரைக் கேட்டாலும் "உண்டு" என்று பதில் வந்தால் அவை என்ன செய்யும்? ஐகேன் அமைப்பு கண்டித்த பிறகு, அக்டோபர் 4 அன்று அது நிறுத்தப்பட்டது.

2021 அக்டோபர் 4 இரவு நடந்தது இன்னொரு வகை. பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. அந்த நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களை வெளியிலிருந்து யாரும் அணுக முடியாமல் போனதால், பெயர் இருந்தும் நம்பர் கிடைக்கவில்லை. அதாவது 11001 அல்ல, 11002 வகை. சேலை போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆர்டர் பிடிக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பலர் அன்று போனை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "கோளாறு உங்கள் போனில் இல்லை, காத்திருக்கவும்" என்று ஒரு வரி திரையில் வந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார்கள்.

சாதாரண மக்களுக்கு எரர் நம்பர் எதற்கு, பயந்துவிடுவார்களே என்று சாப்ட்வேர் எழுதுபவர்கள் சொல்வதுண்டு. ரயில் டிக்கெட்டின் பிஎன்ஆர் நம்பரையும், கேஸ் புக்கிங் நம்பரையும், பாங்க் ஐஎஃப்எஸ்சி கோடையும் வைத்து வேலை பார்க்கிறவர்கள் ஐந்து இலக்க எண்ணைக் கண்டா பயப்படுவார்கள்? எண்ணோடு, என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு வாக்கியம் இருந்தால் போதும். இன்று டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே தளப் பெயர்கள் வைக்க வழி இருக்கிறது. ர, ற மாறினாலும் 11001 வரும். பெயரைத் தமிழில் வைக்கலாம், பிழையைத் தமிழில் சொல்ல முடியாதா?

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தளம் வரவில்லையா? முதலில் எழுத்துகளைச் சரிபார்க்கவும். அடுத்து வேறு இரண்டு தளங்களைத் திறந்து பார்க்கவும். அவை வந்தால் உங்கள் கம்ப்யூட்டரும் இணைப்பும் நலம். எதுவும் வரவில்லை என்றால் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பிங் கொடுத்து, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று டைப் செய்து என்டர் தட்டவும். இது கூகுள் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர் நம்பர். இதற்குப் பதில் வந்து, தளப் பெயர்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் பழுது பெயர் தேடலில்தான். மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடவும். அப்படியும் சரியாகாவிட்டால் இணைப்பு கொடுத்தவரிடம் சொல்லவும்.

சர்வீஸ்காரரைக் கூப்பிடத்தான் வேண்டும் என்றால், திரையிலிருக்கும் கடைசி வரியை அப்படியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளவும். அவர் வந்ததும் அதைக் காட்டி, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கவும். பதில் சொல்லாமல் ஃபார்மட் சிடியை எடுத்தால், உங்கள் பைல்களைப் பேக்கப் எடுக்கும்வரை கம்ப்யூட்டரைத் தொட விடாதீர்கள்.