மணியோசையும் யானையும்

திரைப்படம் வெளிவருமுன் அதன் காட்சிகள் சிலவற்றைத் தொகுத்து இரண்டு நிமிட அளவில் காட்டுவதை முன்னோட்டம் என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் டிரெய்லர் என்னும் சொல் 'பின்தொடர்ந்து வருவது' என்று பொருள்படும். தொடக்கக் காலத்தில் அமெரிக்கத் திரையரங்குகளில் படம் முடிந்த பின்னரே இது காட்டப்பட்டது. படம் முடிந்ததும் மக்கள் எழுந்து போய்விடுவர் அல்லவா? ஆகவே பின்னாளில் அதனைப் படத்திற்கு முன்னால் கொண்டுவந்தனர். இடம் மாறியும் ஆங்கிலத்தில் பெயர் மாறவில்லை. இவ்வகையில் தமிழ்ச் சொல்லே பொருத்தமுடையது.

இன்று ஊடகச் செயல்திட்டமாக முன்னோட்டம் தயாரிக்கும் பணி மாணவர்க்குத் தரப்படுகிறது. கைப்பேசி ஒன்றும் நண்பர் நால்வரும் இருந்தால் போதும். ஜனக்புரியில் வாழ்வோர்க்குப் படப்பிடிப்புக்கு இடமும் குறைவில்லை. பூங்காக்கள் உண்டு, தில்லி ஹாட் உண்டு, மாலையில் காய்கறி வண்டிகள் வரிசையாக நிற்கும் தெருக்கள் உண்டு. ஆயினும் இவ்வாறு உருவாகும் முன்னோட்டங்களுள் பல ஒரே அச்சில் வார்த்தவை. ஒருவன் மெதுவாக நடந்து வருகிறான், முரசு அதிர்கிறது, கதவொன்று திறக்கிறது, யாரோ அலறுகிறார், திரை இருள்கிறது, 'விரைவில்' என்னும் எழுத்துகள் தோன்றுகின்றன. அலறியவர் யார், ஏன் அலறினார் என்று கேட்டால் எடுத்தவர்களுக்கே விடை தெரிவதில்லை. 'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பது நம் முதியோர் வாக்கு. யானையே இல்லாமல் மணியை மட்டும் ஆட்டுவதை என்னென்பது?

இது குறித்து ஒரு வழக்கே நடந்துள்ளது. 2016ஆம் ஆண்டில் ஷாருக்கான் நடித்து வெளிவந்த 'ஃபேன்' என்னும் இந்திப் படத்தின் விளம்பரத்தில் ஒரு பாடல் இடம்பெற்றது. அதை நம்பிக் குடும்பத்துடன் திரையரங்கு சென்ற ஆசிரியை ஒருவர், படத்தில் அப்பாடல் இல்லாததைக் கண்டு நுகர்வோர் மன்றத்தை நாடினார். முதலில் அவர் முறையீடு தள்ளுபடியாயிற்று. மேல்முறையீட்டில் 10,000 ரூபாய் இழப்பீடு வழங்குமாறு ஆணை பிறந்தது. தயாரிப்பு நிறுவனம் உச்ச நீதிமன்றம் சென்றது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. முன்னோட்டம் என்பது பார்வையாளரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் அன்று. அதில் காட்டியதெல்லாம் படத்தில் இருந்தே தீரவேண்டும் என்னும் வாக்குறுதியும் அன்று என்பது தீர்ப்பின் சாரம்.

'நீதிமன்றமே கூறிவிட்ட பிறகு நமக்கென்ன தடை?' என்று மாணவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நீதிமன்றம் ஆராய்ந்தது இழப்பீடு உண்டா இல்லையா என்பதை. வகுப்பறையில் இழப்பீடு கேட்பார் யாருமில்லை. ஆனால் உங்கள் முன்னோட்டத்தைப் பார்ப்பவர் நாளை அதே பேருந்தில் உங்கள் அருகில் அமரப்போகும் தோழர். 'அப்புறம் என்ன ஆயிற்று?' என்று அவர் கேட்கும்போது சொல்வதற்கு ஒரு கதை வேண்டும். மறைப்பது வேறு, ஏய்ப்பது வேறு. நல்ல முன்னோட்டம் முடிவை மறைக்கும். இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டாது. ஆகவே முதலில் ஒரு பக்க அளவிலேனும் கதையை முழுமையாக எழுதிவிட்டுப் பிறகு படப்பிடிப்பைத் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

மணியோசை மட்டும் நிலைத்து, யானை மறைந்துபோவதும் உண்டு. தமிழின் முதல் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளியாயிற்று. எச்.எம். ரெட்டி இயக்க, டி.பி. ராஜலட்சுமி நாயகியாக நடித்தார். அப்படத்தின் பிரதி இன்று கிடைக்கவில்லை. நாளிதழ் விளம்பரங்கள் முதலியவற்றைக் கொண்டே ஆய்வாளர்கள் அதனை அறிகின்றனர். விளம்பரத்தில் பொய் கலந்திருந்தால் வரலாற்றிலும் அது கலந்துவிடும்.

'காளிதாஸ்' படத்தில் நாயகி தமிழிலும் நாயகன் தெலுங்கிலும் பேசினர். தில்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வியப்பளிக்காது. தாயிடம் தமிழ், காய்கறிக்காரரிடம் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்பதே நம் அன்றாடம். தமிழ்ப் பாடத்திற்கான முன்னோட்டத்தில் பிறமொழி ஒரு சொல்லும் வரலாகாது என்பாரும் உளர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காய்கறிக்காரர் செந்தமிழ் பேசினால் சிரிப்புத்தான் வரும். அவரவர் மொழியை அவரவர் பேசட்டும். இந்திப் பேச்சுக்குத் தமிழிலும் தமிழ்ப் பேச்சுக்கு இந்தியிலும் திரையின் அடியில் எழுத்து வரட்டும். அண்டை வீட்டுப் பஞ்சாபித் தோழியும் புரிந்துகொள்வாள்.

உண்மையான தமிழ்ப் பயிற்சி அங்கேதான் நிகழ்கிறது. வேலை தேடி ஊரைவிட்டுப் புறப்படும் தாத்தா, தம் தாயிடம் 'போயிட்டு வரேன்' என்று கூறி, சென்னையில் தமிழ்நாடு விரைவுவண்டி ஏறுகிறார்; இரண்டு இரவுகள் கழிந்து புதுதில்லியில் இறங்குகிறார் என்று கொள்வோம். அவ்விரு சொற்களை இந்தியில் எப்படி எழுதுவது? 'ஜாதா ஹூம்' என்றால் போவது மட்டுமே எஞ்சும், வருவது விடுபட்டுவிடும். விடைபெறும்போது 'போகிறேன்' என்று மட்டும் சொல்லுதல் நம் வீடுகளில் வழக்கமில்லை. திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றவர் ஜனக்புரியிலேயே நாற்பது ஆண்டுகள் தங்கிவிட்டார் என்றால், அந்த 'வரேன்' என்னும் ஒரு சொல்லிலேயே முழுக்கதையும் அடங்கியிருக்கிறது. முரசொலி எதுவும் தேவைப்படாது. எந்தச் சொல்லால் அதை இந்தியில் நிறுத்துவது என்று குழுவில் அரைமணி நேரம் வாதிட்டால் அதுவே சிறந்த பாடம்.

இசையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். புகழ்பெற்ற படங்களின் பின்னணி இசையை எடுத்து ஒட்டுவது எளிது. வகுப்பறைப் பயிற்சிக்குப் பதிப்புரிமைச் சட்டம் சில சலுகைகள் தருகிறது. இணையத்தில் ஏற்றியபின் அதே சலுகையை எதிர்பார்க்க இயலாது. குக்கரின் சீழ்க்கை, தெருவில் விற்போர் கூவல், பள்ளி மணி ஆகியவற்றை நீங்களே பதிவுசெய்யுங்கள். அவை எவர்க்கும் கடன்பட்டவை அல்ல.

இறுதியில் வரும் 'விரைவில்' என்னும் சொல்லை என்ன செய்வது? முழுப்படம் எடுக்கும் எண்ணம் இருந்தால் அது இருக்கட்டும். இல்லையெனில் அதனை நீக்கிவிட்டு, எழுதிய கதையை வகுப்பு நூலகத்தில் வைத்து, எந்த அலமாரியில் எத்தனையாவது அடுக்கில் அது இருக்கிறது என்பதைத் திரையில் எழுதிக் காட்டலாம்.