உறுப்பினர் அட்டையா, பொறுப்பின் அடையாளமா?

கோவை வேளாண்மைக் கல்லூரியில் 1911-இல் 'சென்னை வேளாண் மாணவர் சங்கம்' தோன்றியது. அந்தச் சங்கம் 1913-இல் தொடங்கிய ஆய்விதழ் இன்றும் வெளிவருகிறது. நாடு தழுவிய இந்திய மண்ணியல் சங்கம் 1934-இலும், இந்திய உழவியல் சங்கம் 1955-இலும்தான் அமைக்கப்பட்டன. அறிஞர்கள் தேசிய அளவில் ஒன்றுகூடும் முன்பே, மாணவர்களின் பெயரால் ஒரு சங்கம் இங்கே வேளாண் அறிவைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டது.

இன்றைய நிலை வேறு. தங்கள் உறுப்பினர்களின் கட்டுரைகளை மட்டுமே ஏற்பது பல ஆய்விதழ்களின் நடைமுறை. அதனால், முதுநிலை மாணவர் ஒருவர் தம் முதல் ஆய்வுக் கட்டுரையை அனுப்பும்போதுதான் பெரும்பாலும் சங்கத்தின் வாசலுக்கே வருகிறார். கட்டணம் செலுத்துகிறார், ரசீது பெறுகிறார், தன்விவரக் குறிப்பில் ஒரு வரி கூடுகிறது. உறவு அத்துடன் முடிந்துவிடுகிறது. இளநிலை மாணவர்களோ அந்த வாசலைக்கூட எட்டுவதில்லை.

இதனால் உழவருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். மண்வள அட்டைத் திட்டம் 2015-இல் தொடங்கப்பட்டது. கார அமில நிலை, கரிமச் சத்து, துத்தநாகம் என 12 கூறுகளின் அளவுகளை அந்த அட்டை தருகிறது. ஆனால், அந்த எண்களைத் தம் வயலுக்கும் பயிருக்கும் பொருத்திச் சொல்ல ஆளில்லாத உழவர், உரக்கடையில்தான் ஆலோசனை கேட்கிறார். விற்பவரே பரிந்துரைப்பவராகவும் இருந்தால், தேவைக்கு மேல் யூரியா இடுவதை யார் தடுப்பது? மருத்துவருக்கும் வழக்குரைஞருக்கும் தொழில்நெறியும் அதைக் கண்காணிக்கும் மன்றமும் உண்டு. பயிருக்கு மருந்தும் உரமும் பரிந்துரைப்பவருக்கு அப்படிப்பட்ட வலுவான கட்டமைப்பு இங்கில்லை.

அமெரிக்காவில் 1907-இல் நிறுவப்பட்ட உழவியல் சங்கம், 1992-இல் பயிர் ஆலோசகர்களுக்கான சான்றளிப்பைத் தொடங்கியது. தேர்வு எழுதி, நெறிமுறைகளை ஏற்று, தொடர்ந்து கற்றால்தான் அந்தச் சான்று நிலைக்கும். அங்கே இளநிலை மாணவர்களுக்கெனத் தனி அமைப்பும் உண்டு. மண் மதிப்பீட்டுப் போட்டிகளில் மாணவர்கள் குழிக்குள் இறங்கி, மண்ணைக் கையால் பிசைந்து அதன் நயத்தைக் கணிக்கின்றனர். மாணவப் பருவத்திலேயே தொழிலின் ஒழுக்கம் பழகிவிடுகிறது.

விடுதிக் கட்டணத்துக்கே திணறும் முதல் தலைமுறைப் பட்டதாரியிடம் இன்னொரு கட்டணம் கேட்பது நியாயமா என்ற கேள்வி எழும். நியாயமில்லைதான். எனவே, இளநிலை மாணவர்களுக்கு உறுப்பினர் தகுதியைக் கட்டணமின்றியோ, பெயரளவுக் கட்டணத்திலோ சங்கங்கள் வழங்க வேண்டும். செயற்குழுவில் மாணவர் பிரதிநிதிக்கு இடமளிக்க வேண்டும். இறுதியாண்டு மாணவர்கள் மேற்கொள்ளும் கிராமத் தங்கல் பயிற்சியில், மண்வள அட்டையை உழவருக்கு விளக்கும் பணியைச் சங்க உறுப்பினர்களின் வழிகாட்டுதலில் அவர்களிடம் ஒப்படைக்கலாம். செலவு அதிகமில்லை, பயன் இருவருக்கும் உண்டு.

சங்கம் என்பது ஆண்டுக்கொரு மாநாடு கூட்டும் அமைப்பு மட்டுமன்று. ஒரு தொழில் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்கும் வயது மாணவப் பருவமே. அதைத் தவறவிட்டால் பட்டதாரிகள் பெருகுவார்கள். உழவர் மட்டும் மண்வள அட்டையுடன் உரக்கடை வாசலிலேயே நிற்பார்.