அப்பாவுக்கு 28 ரிங்கிட் லாபம், பாட்டிக்கு 12.50 நஷ்டம்

2025 ஜூலை 9ஆம் தேதி பேங்க் நெகாரா, ஓபிஆர் எனப்படும் ஓரிரவுக் கொள்கை வட்டி விகிதத்தை 3 விழுக்காட்டிலிருந்து 2.75 விழுக்காட்டுக்குக் குறைத்தது. ஐந்து ஆண்டுகளில் இதுதான் முதல் குறைப்பு. அன்று இரவு கிள்ளானில் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா சந்தோஷமாக இருந்தார். பாட்டி பேசவே இல்லை.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு ஓபிஆர் என்பது தேர்வுக்கு மனப்பாடம் செய்த ஒரு சொல். வங்கிகள் தங்களுக்குள் ஒரு இரவுக்குப் பணம் கடன் கொடுத்து வாங்கும்போது கணக்கிடப்படும் வட்டிக்கு அது வழிகாட்டி. அமெரிக்க வரி மிரட்டலால் அப்போது உலக வர்த்தகம் தடுமாறிக்கொண்டிருந்தது. ஜூலை 7ஆம் தேதிதான் மலேசியப் பொருள்களுக்கு 25 விழுக்காடு வரி என்று வாஷிங்டன் அறிவித்திருந்தது. நம் நாட்டில் விலைவாசி உயர்வோ 1 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அதனால் பொருளாதாரம் தளர்வதற்கு முன்பே கடனை மலிவாக்கி வைக்கலாம் என்பது பேங்க் நெகாராவின் கணக்கு. பாடப்புத்தகத்தில் இத்துடன் கதை முடிந்துவிடும். எங்கள் சாப்பாட்டு மேசையில் அப்போதுதான் தொடங்கியது.

அப்பா 2023இல் வீடு வாங்கினார். கட்ட வேண்டிய கடன் ஏறக்குறைய 2 லட்சம் ரிங்கிட், இன்னும் 25 ஆண்டுகள். 2022 ஆகஸ்டு முதல் கொடுக்கப்படும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களுக்கு, ஓபிஆரை மட்டுமே பின்தொடரும் ஒரு பொதுவான அடிப்படை விகிதம் உண்டு. ஓபிஆர் 0.25 இறங்கினால் அதுவும் 0.25 இறங்கும். அப்பா வங்கிக்குப் போகவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. மாதத் தவணை சுமார் 28 ரிங்கிட் தானாகக் குறைந்தது.

பாட்டியின் கதை வேறு. தாத்தா விட்டுச் சென்ற 60,000 ரிங்கிட்டை ஓராண்டு எஃப்டியில் போட்டு வைத்திருக்கிறார். வைப்புக்கான வட்டியை எந்தச் சூத்திரமும் கட்டுப்படுத்துவதில்லை, ஒவ்வொரு வங்கியும் தானே முடிவு செய்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு பாட்டிக்குக் கிடைத்தது 2.60 விழுக்காடு. அந்த ஆகஸ்டில் தவணை முடிந்து புதுப்பிக்கப் போனபோது 2.35 என்றார்கள். ஆண்டுக்கு 1,560 ரிங்கிட் வந்த இடத்தில் இனி 1,410. மாதத்துக்கு 12 ரிங்கிட் 50 சென் குறைவு. “அது என் மீன் காசுமா,” என்றார் பாட்டி.

இதைத்தான் நான் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வட்டி குறையும்போது கடன் வாங்கியவருக்கு நன்மை தானாக வந்து சேர்கிறது. சேமிப்பவரின் நஷ்டமும் தானாகத்தான் வருகிறது. ஆனால் அதைச் சரிக்கட்ட அவர் எழுந்து நடந்து நாலு வங்கி ஏறி இறங்க வேண்டும்.

பாட்டிக்காகத் தேடக் கிளம்பியபோதுதான் என் சொந்தக் கணக்கைப் பார்த்தேன், வெட்கமாகிவிட்டது. பகுதி நேர வேலையிலும் பிடிபிடிஎன் பணத்திலும் மிச்சம் பிடித்த 3,200 ரிங்கிட், இடைநிலைப் பள்ளி நாளில் திறந்த கணக்கில் 0.25 விழுக்காட்டில் கிடந்தது. ஆண்டு முழுவதற்கும் 8 ரிங்கிட். ஒரு நாசி கண்டார் சாப்பாடு. ஓபிஆர் 3 விழுக்காடாக இருந்தபோதும் எனக்கு அதே 8 ரிங்கிட்தான். என்னைப் பொறுத்தவரை ஜூலை 9 எதையும் பறிக்கவில்லை, பறிக்க ஒன்றும் இல்லை. கிளையே இல்லாத ஒரு மின்னிலக்க வங்கியில் அதே வாரம் 2 விழுக்காடு கொடுத்தார்கள். அதாவது 64 ரிங்கிட்.

கைப்பேசியில் மட்டுமே இருக்கும் வங்கியை நம்பலாமா? அப்பாவின் முதல் கேள்வி அதுதான். 2022இல் ஐந்து மின்னிலக்க வங்கிகளுக்கு உரிமம் கொடுக்க நிதியமைச்சர் ஒப்புதல் அளித்ததை பேங்க் நெகாரா அறிவித்தது. அவையும் மற்ற வங்கிகளைப் போலவே பிஐடிஎம் காப்புறுதிக்குள் வருகின்றன. வங்கி மூழ்கினால், ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை பாதுகாப்பு. என் 3,200க்கு அது தாராளம். ஆனால் வட்டி எவ்வளவு என்பதற்கு எந்தக் காப்புறுதியும் இல்லை. இன்று 2 கொடுப்பவர் அடுத்த மாதம் குறைக்கலாம், அது அவர்கள் உரிமை.

நான் 2,500ஐ மட்டும் மாற்றினேன். 700ஐப் பழைய கணக்கிலேயே விட்டேன். பிடிபிடிஎன் பணம் அங்கேதான் வருகிறது, அவசரத்துக்கு அந்த ஏடிஎம் விடுதி வாசலிலேயே இருக்கிறது. கணக்கை மாற்றுகிறோம் என்று பழையதை மறந்துவிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏழு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் பணம் கோரப்படாத பணமாக அரசாங்கத்திடம் போய்விடும். திரும்பப் பெறலாம், ஆனால் மனு எழுத வேண்டும்.

பாட்டியின் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. வேறொரு வங்கி ஆறு மாதத்துக்கு 3.40 விழுக்காடு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சின்ன எழுத்தைப் படித்தால், கொண்டு வரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு அவர்களின் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் கிடக்க வேண்டும். அங்கே வட்டி ஏறக்குறைய பூஜ்யம். ஆக 60,000இல் 54,000க்குத்தான் 3.40. மொத்தப் பணத்துக்கும் கணக்குப் போட்டால் 3.06 விழுக்காடு ஆகிறது. விளம்பரம் சொன்னது அல்ல, இருந்தாலும் 2.35ஐவிட மேல். ஆறு மாதம் கழித்துச் சலுகை முடியும், மறுபடியும் தேட வேண்டும்.

இதற்கிடையில் பாட்டியின் வாட்ஸ்அப்பில் மாதம் 10 விழுக்காடு ‘உறுதியான வருமானம்’ என்று ஒரு செய்தி வந்தது. கோயிலில் பழகிய ஒருவர் அனுப்பியது. வட்டி குறையும் காலத்தில் இப்படிப்பட்ட செய்திக்கு மனம் இளகும் என்பது அனுப்புகிறவர்களுக்குத் தெரியும். பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலைப் பாட்டிக்குக் காட்டினேன். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய 997 என்ற எண்ணையும் அவர் கைப்பேசியில் பதிந்து கொடுத்தேன். அந்த நிமிடம் எனக்கு 12.50 ரிங்கிட் பெரிதாகத் தெரியவில்லை.

பாட்டியை முழுப் பணத்தையும் மாற்றச் சொன்னேன். மறுத்துவிட்டார். “அந்த பேங்குல கவுண்டர்ல ஒரு பிள்ள இருக்கு, தமிழ்ல பேசும், கையெழுத்து எங்க போடணும்னு விரல் வச்சுக் காட்டும். புது இடத்துல யாரு காட்டுவா?” என்று கேட்டார். இதற்கு என் கணக்குத் தாளில் கட்டமே இல்லை. வட்டி ஒப்பீட்டு அட்டவணைகள் எதிலும் அப்படி ஒரு பத்தி நான் பார்த்ததில்லை.

கடைசியில் பாதியை மாற்றினார். புது இடத்தில் 30,000. அதில் 27,000 சலுகை எஃப்டியில், 3,000 சேமிப்பில். ஆறு மாதத்தில் கிடைக்கப் போவது 459 ரிங்கிட். பழைய இடத்தில் இருந்திருந்தால் 352.50. ஆக, ஆறு மாதத்துக்கு 106 ரிங்கிட் 50 சென் கூடுதல். குறைந்த மீன் காசு அதற்குள் வந்துவிடும். அப்பாவின் 28 ரிங்கிட்டில் பாட்டிக்கு ஒரு பங்கு கேட்டேன், அவர் சிரித்து மழுப்பிவிட்டார். அந்தப் பேச்சுவார்த்தை தொடர்கிறது.

புது எஃப்டி பிப்ரவரியில் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கான நாள்காட்டி இன்னும் வரவில்லை. அதனால் பாட்டி, ரசீதின் பின்பக்கத்தில் தேதியைப் பென்சிலால் எழுதி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.