பெரம்பலூருக்கு வந்தாச்சு க்ராக்ஸ்... நிலைச்சு நிக்குமா?

பெரம்பலூர்னா சின்ன வெங்காயம், அரியலூர்னா சிமென்ட். பல வருஷமா இதுதான் அடையாளம். இப்போது அந்தப் பட்டியலில் காலணியும் சேர்ந்திருக்கிறது. எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்காவுக்கு 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த ஆண்டே க்ராக்ஸ் செருப்பு தயாரிக்கும் ஆலை திறக்கப்பட்டது. ஜெயங்கொண்டத்தில் தைவானின் டீன் ஷூஸ் ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல்: ரூ.1,000 கோடி முதலீடு, 15,000 வேலை என்பது அறிவிப்பு.

ஏன் இங்கே வந்தார்கள்?

செல்போன் தயாரிப்புக்கு மத்திய அரசு 2020-ல் உற்பத்தி ஊக்கத்தொகை அறிவித்தது. அதே பாணியில், காலணிக்கும் தோல் பொருளுக்கும் தமிழக அரசு 2022 ஆகஸ்ட்டில் தனிக் கொள்கை கொண்டுவந்தது. சீனாவை மட்டுமே நம்பியிருக்க விரும்பாத பிராண்டுகளுக்கு இது நல்ல வாய்ப்பு.

சிக்கல் எங்கே?

நிலமும் சலுகையும் தருவது மாநிலம். இறக்குமதி வரி, தரச்சான்று, விசா எல்லாம் டெல்லி கையில். போதாக்குறைக்கு, 2025 ஆகஸ்ட்டில் இந்தியப் பொருட்களுக்கான அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனது. ஏற்றுமதியை நம்பும் ஆலைக்கு அது நேரடி அடியாக இருந்தது.

வந்த கம்பெனி போகாதா? போகும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தது. 2013-ல் வரித் தகராறில் சொத்து முடக்கப்பட்டது. நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. 2014 நவம்பரில் உற்பத்தியே நின்றது. கம்பெனிக்கு அது ஒரு கணக்கு. வேலை இழந்தவர்களுக்கு அது வாழ்க்கை.

என்ன செய்யணும்?

எத்தனை பேருக்கு வேலை என்ற தலைக்கணக்கு மட்டும் போதாது. அச்சு, அடிப்பாகம், மூலப்பொருள் ஆகியவற்றை இந்த வட்டாரத்துச் சிறு தொழில்களே செய்து கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தால், கம்பெனி கிளம்பினாலும் தொழில் இங்கேயே இருக்கும். இயந்திரத்தில் நிற்கும் பெண்கள் சூப்பர்வைசர், டெக்னீஷியன் ஆக வழி வேண்டும். சலுகையை இவற்றோடு சேர்த்துக் கட்டணும்; ஒப்பந்த நிபந்தனைகளையும் மக்கள் பார்வைக்கு வைக்கணும்.

பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு, வராத மின் நிலையத்துக்குப் பல வருஷம் காத்திருந்த ஊர் ஜெயங்கொண்டம். அடிக்கல்லை அந்த மக்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். அவர்களுக்கு இப்போது வேண்டியது, பத்து வருஷம் கழித்தும் ஓடும் ஆலை.