கட்டி கரைஞ்சிடுச்சு... நோய் போயிடுச்சா? புற்றுநோயின் ராட்சத செல்கள்

‘கட்டி கரைஞ்சிடுச்சுன்னு சொன்னாங்களே, அப்புறம் எப்படி திரும்ப வந்துச்சு?’ புற்றுநோயைப் பார்த்த குடும்பங்கள் பலவற்றில் கேட்கும் கேள்வி இது. காஞ்சிபுரத்துக்கு இந்த வலி நன்றாகவே தெரியும். இந்த மண்ணில் பிறந்த அறிஞர் அண்ணா, 1968-ல் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை முடித்துத் திரும்பினார். சில மாதங்களில், 1969 பிப்ரவரி 3-ல், அந்த நோயே அவரைக் கொண்டுபோனது. இன்று காரப்பேட்டையில் இருக்கும் அரசு புற்றுநோய் மருத்துவமனை அவர் பெயரில்தான் இயங்குகிறது.

நோய் திரும்புவதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்றாக விஞ்ஞானிகள் இப்போது உற்றுப் பார்ப்பது ‘ராட்சத செல்’களை.

சாதாரண செல் தன் டிஎன்ஏவை ஒருமுறை நகலெடுத்து, இரண்டாகப் பிரியும். பிள்ளையார்பாளையத்து நெசவாளருக்குப் புரியும்படி சொன்னால், ஒரு சேலை முடிந்ததும் தறியிலிருந்து அறுத்து எடுப்பது மாதிரி. மருந்தோ கதிர்வீச்சோ தாக்கும்போது சில புற்றுநோய் செல்கள் அறுப்பதை நிறுத்திவிட்டு, நெய்துகொண்டே போகின்றன. அதாவது, பிரியாமல் டிஎன்ஏவை மட்டும் திரும்பத் திரும்ப நகலெடுக்கின்றன. செல் பல மடங்கு பெருத்துவிடுகிறது.

இந்த செல்களை மருத்துவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள்தான். ஆனால், ‘இது சாகப்போற செல்’ என்று நீண்ட காலம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2014-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் ஆய்வாளர்கள், கருப்பைப் பக்கத்திலுள்ள சினைப்பையின் புற்றுநோய் செல்களை வைத்து வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. மொட்டு விடுவது போல, ராட்சத செல்லிலிருந்து சின்னச் சின்ன புற்றுநோய் செல்கள் வெளிவந்தன.

மருந்துக்கு இவை ஏன் மசிவதில்லை? கீமோ மருந்துகள் பலவும் பிரிந்து பெருகும் செல்லைத்தான் குறிவைக்கும். பிரியாமல் கிடக்கும் செல்லிடம் அவற்றுக்குப் பிடி கிடைப்பதில்லை. மேலும், மரபணுவின் ஒரு நகல் சேதமானாலும், வேலைக்கு இன்னொரு நகல் இருக்கிறது. மருந்தின் வேகம் அடங்கியதும் பிறக்கும் புதிய செல்களில் சில, பழைய மருந்தையே தாங்கப் பழகியிருக்கலாம். நவி மும்பையில் டாடா மெமோரியல் மையத்தின் ஆய்வுப் பிரிவான ஆக்ட்ரெக்கும், மூளைக் கட்டி செல்களில் இதை ஆராய்ந்திருக்கிறது. கதிர்வீச்சுக்குத் தப்பிய செல்கள் ஒன்றோடொன்று இணைந்து ராட்சத செல்களாகி உயிர்பிழைப்பதை அங்கே கண்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஜெயன்ட் செல்’ என்று இருந்தாலே பதற வேண்டாம். காசநோயிலும் ராட்சத செல்கள் வரும். அவை வேறு ரகம். ஆரோக்கியமான கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும்கூட டிஎன்ஏ மிகுந்த செல்கள் இயல்பாகவே இருக்கின்றன. ரிப்போர்ட்டை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

புற்றுநோயின் ராட்சத செல்களைக் குறிவைத்து அழிக்கும் மருந்து வழக்கமான சிகிச்சையில் இன்னும் வரவில்லை. அதுவரை நம் கையில் இருப்பது, கீமோவைப் பாதியில் விடாமல் முடிப்பதும், முடிந்த பிறகும் சொன்ன தேதியில் பரிசோதனைக்குப் போவதும்தான். ஆனால், தறியை ஒருநாள் நிறுத்தினால் அன்றைய கூலி போச்சு. ‘நல்லாத்தானே இருக்கேன், எதுக்குப் போகணும்?’ என்று தள்ளிப்போடுபவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

அரசு செய்ய வேண்டியவை இருக்கின்றன. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதே ஊழியர்கள், சிகிச்சை முடித்த புற்றுநோயாளிகளின் அடுத்த பரிசோதனை தேதியையும் நினைவூட்டலாம். அந்த ஒரு நாளின் கூலி இழப்புக்கும் பஸ் செலவுக்கும் ஈடு தரலாம். காரப்பேட்டை போன்ற அரசு மருத்துவமனைகளில், நோயாளியின் சம்மதத்தோடு சிகிச்சைக்கு முன்பும், நோய் திரும்பிய பின்பும் எடுக்கும் திசுக்களைப் பாதுகாத்து ஆராய வழி செய்யலாம். நம் நோயாளிகளின் செல்கள் மருந்திலிருந்து எப்படித் தப்புகின்றன என்பதை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.